நமக்கு மட்டும் திறந்த கதவு

வாடகை வீட்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் நாம். சுவரில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் வீட்டுக்காரரின் முகக்குறிப்பைப் பார்த்தே அடிக்க வேண்டியிருந்தது. பணி ஓய்வுக்குச் சற்று முன்னர் மூன்று சென்ட் நிலத்தில் சிறிய வீடொன்று கட்டிக் குடியேறிய அன்று, எந்தத் தேவையும் இல்லாமலே கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்தோம். அதில் மாட்டுவதற்கு அப்போது நம்மிடம் ஒன்றும் இல்லை. ஆயினும் அந்தச் சுத்தியல் ஓசை தந்த நிறைவை இன்றும் மறக்க இயலவில்லை.

அதே நிறைவை இரண்டாம் முறையாக நாம் அடைந்தது 2023ஆம் ஆண்டில், ஒரு பழைய மடிக்கணினியின் முன் அமர்ந்திருந்தபோது. கோவையில் பணிபுரியும் மகன் புதிய கணினி வாங்கிக்கொண்டு, பத்து வயதான பழையதை நம்மிடம் விட்டுச் சென்றான். 4 ஜிபி நினைவகம். இயக்கிவிட்டு எழுத அமர்வதற்குள் கையிலிருக்கும் தேநீர் ஆறிப்போகும் வேகம். நம்மிடம் கணிதம் பயின்று இப்போது கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் மாணவர் ஒருவர், "இதைத் தூக்கிப் போட வேண்டாம் சார், லினக்ஸ் போட்டுப் பாருங்கள்" என்றார். பழைய வட்டை எடுத்துவிட்டு 240 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்தி, அவ்வாண்டு ஜூனில் வெளிவந்திருந்த டெபியன் 12ஆம் பதிப்பை ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தார்.

லினக்ஸ் என்றால் என்ன என்று கேட்கும் அன்பர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வோம். 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்க நிரலர், எவரும் பயன்படுத்தவும், படித்தறியவும், மாற்றவும், பிறருடன் பகிரவும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தைப் படைக்கப்போவதாக அறிவித்து, அதற்குக் குனு என்று பெயரிட்டார். அவ்வீட்டின் அறைகள் பல எழுந்தன; அடித்தளமாகிய கருநிரல் மட்டும் எளிதில் அமையவில்லை. 1991 ஆகஸ்டில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது இளைஞர், தாம் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளத்தை எழுதி வருவதாக அறிவித்தார். அந்தப் பொழுதுபோக்கே லினக்ஸ். 1992இல் அவர் அதை ஸ்டால்மன் வகுத்த ஜிபிஎல் உரிமத்தின்கீழ் வெளியிட்டார். இரண்டும் இணைந்தபோது வீடு முழுமை பெற்றது. 1993இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன், அவ்வீட்டைத் தன்னார்வலர்கள் கூடிப் பராமரித்து அனைவருக்கும் இலவசமாக வழங்கும் ஏற்பாடு. அதன் பெயரில் இருவர் இருக்கிறார்கள்: தம் பெயரோடு, அன்று தம் காதலியாக இருந்த டெப்ராவின் பெயரையும் சேர்த்தே அவர் அப்பெயரை அமைத்தார்.

இந்த வீட்டில் ஆணி அடிக்க யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. அடித்தோம், அடித்துக்கொண்டே இருந்தோம். முதலில் நல்ல தமிழ் எழுத்துருக்களைத் தேடிப் பதித்தோம். அடுத்து, 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 விசைப்பலகையை அமைத்தோம். இடக்கைக்கு உயிர், வலக்கைக்கு மெய் என்று அதை வகுத்தவர்களின் நேர்த்தியை நம் விரல்கள் ஒரே மாதத்தில் உணர்ந்தன. இதோடு நின்றிருக்கலாம். ஆனால் ஆசை அறிவாளியின் வேடம் பூண்டு வரும்போது அதை அடையாளம் காண்பது கடினம்.

அந்த மாணவரே ஐ3 என்னும் சாளர மேலாளரைப் பற்றிச் சொன்னார். 2009இல் வெளிவந்த அதில் திரையில் சின்னங்கள் இல்லை. நிரல்களைக் காட்டும் பட்டியல் பொத்தான் இல்லை. சாளரங்களைச் சுட்டியால் இழுத்து அடுக்க வேண்டியதும் இல்லை. திறக்கும் ஒவ்வொரு சாளரமும், தரையில் பதிக்கும் ஓடுகள் போல, தனக்குரிய இடத்தில் தானே அமர்ந்துகொள்ளும். ஏறத்தாழ எல்லாமே விசைகளால் நடக்கும். எந்த விசைக்கு எந்தப் பணி என்பதை ஓர் உரைக்கோப்பில் நாமே எழுதி வைக்கலாம். இத்தகைய அமைப்புக் கோப்புகளுக்குப் புள்ளியில் தொடங்கும் பெயரிடுவதோ, அப்படிப் பெயரிட்ட கோப்புறையில் அவற்றை வைப்பதோ லினக்ஸ் உலகின் வழக்கம். புள்ளியில் தொடங்குபவை சாதாரணப் பார்வைக்குத் தென்படா. அந்த மறைவிடத்தில் நாள்தோறும் இரண்டு மணிநேரம் வாழத் தொடங்கினோம்.

கேப்ஸ்லாக் விசையைக் கன்ட்ரோல் விசையாக்கினோம். திரையின் அடியிலிருந்த பட்டை கண்ணை உறுத்தியது, மறைத்தோம். பின்புலப் படம் கவனத்தைச் சிதறடித்தது, முழுக் கறுப்பாக்கினோம். ஒரு முறை, வட்டுகளைப் பட்டியலிடும் கோப்பில் ஒரு வரியைத் தவறாக எழுதிவிட்டு, கணினி பாதி வழியில் நின்று அவசர நிலைக்குச் சென்றதைக் கண்டு இரவு பன்னிரண்டு மணிவரை வியர்த்திருக்கிறோம். பிழையான வரியின் தலையில் ஒரே ஒரு குறியிட்டு அதைச் செயலற்றதாக்கியதும் எல்லாம் சரியாயிற்று. அன்று அடைந்த மகிழ்ச்சி சிறிதன்று. நாமே கெடுத்ததை நாமே சீர்செய்தோம் அல்லவா! துணைவியார் உறங்காமல் காத்திருந்தார் என்பது மட்டும் அந்த மகிழ்ச்சியில் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஓராண்டில் அக்கணினி நம் கைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டையாகிவிட்டது. வருவோரிடம் இயக்கிக் காட்டுவோம். அவர்கள் திகைப்பார்கள். அந்தத் திகைப்பைப் பாராட்டு என்று எண்ணிக்கொண்டோம்.

2024 நவம்பரில் ஒரு நாள், விடிவதற்கு முன் நெஞ்சுவலி கண்டது. மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். இதயக் குழாயில் அடைப்பு. உடனே ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்றார்கள். மருத்துவக் காப்பீடு இருந்தது. ஆனால் அந்தப் பத்திரத்தை அச்சிட்டு வைக்கும் பழக்கத்தை நாம் விட்டு ஈராண்டு ஆகியிருந்தது. ஆதார் நகல், முந்தைய பரிசோதனை முடிவுகள், காப்பீட்டு எண் எல்லாம் கணினிக்குள் பத்திரமாக இருந்தன. அவற்றை எடுத்துவர மகள் வீட்டுக்கு ஓடினாள்.

கடவுச்சொல் அவளுக்குத் தெரியும். இட்டாள், கதவு திறந்தது, உள்ளே வெறும் இருட்டு. கறுப்புத் திரையில் ஒரு சின்னமில்லை, ஓர் எழுத்தில்லை. சுட்டியை அழுத்தினாள், ஒன்றும் அசையவில்லை. விசைகளை மாற்றி மாற்றித் தட்டியதில் கறுப்புப் பெட்டி ஒன்று தோன்றியது. மறுபடி தட்ட அது இரண்டாகப் பிளந்தது; பிறகு நான்காயிற்று. ஒவ்வொரு முறையும் பெட்டிகள் சிறுத்தனவே தவிர, அவள் தேடியது எதிலும் இல்லை. கடைக்கார மாணவரை அழைத்தாள். அந்த வேளையில் அவர் எடுக்கவில்லை. நம்மிடம் கேட்கலாமென்றால், நாமோ தீவிர சிகிச்சைப் பிரிவில், கைப்பேசி இல்லாமல் கிடந்தோம். முக்கால் மணிநேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பினாள்.

முன்பணமாகக் கேட்ட ஐம்பதாயிரம் ரூபாயைத் துணைவியாரின் அண்ணன் கட்டினார். அது அவர் தம் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக எடுத்து வைத்திருந்த பணம் என்பது பத்து நாள்களுக்குப் பிறகே நமக்குத் தெரிந்தது. காப்பீட்டுத் தொகை கைக்கு வர மூன்று மாதமாயிற்று. அதுவரை அவர் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

வீடு திரும்பிய பின் மகள் நம் கட்டிலருகே அமர்ந்து, கோபமின்றிக் கேட்டாள்: "அந்த வீட்டுக்குள்ள நாங்க யாருமே இல்லையாப்பா?"

கணினியைத்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வி கணினியோடு நிற்கவில்லை.

ஓய்வில் இருந்த நாள்களில் அக்கேள்வியையே அசைபோட்டோம். ஜிபிஎல் உரிமத்தின் சாரம் எளிது: நீ பெற்ற நிரலை விருப்பம்போல் மாற்றலாம், ஆனால் மாற்றியதைப் பிறருக்கு வழங்கும்போது, அதன் மூலநிரலும் அவர்களுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும், உனக்கிருந்த உரிமை அவர்களுக்கும் இருக்க வேண்டும். திறந்த கதவு வழியாக வந்தவன் அதைத் தன் பின்னால் சாத்திவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். வீட்டுக்குள் தனக்கென்று செய்துகொள்ளும் மாற்றத்தை எவருக்கும் காட்ட வேண்டுமென்று அவ்வுரிமம் கட்டாயப்படுத்துவதில்லை. எனவே உரிமத்தின்படி நம்மீது குற்றமில்லை. முகமறியாத எத்தனையோ பேர் நமக்குத் திறந்து வைத்த வீட்டில் குடியேறி, சொந்த மகளுக்கு அதை அடைத்து வைத்திருந்தோம் என்பதுதான் உண்மை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று வகை அனுமதிகள் உண்டு: உரியவருக்கு, அவர் சேர்ந்த குழுவுக்கு, மற்றவர்க்கு. படிக்கலாமா, எழுதலாமா, இயக்கலாமா என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே குறிக்கலாம். தனியொருவனுக்கும் ஊருக்கும் இடையே ஒரு குழு உண்டு என்பது யூனிக்ஸ் காலத்திலிருந்தே வழிவழியாக வரும் ஏற்பாடு. அந்த நடு இடத்தை நாம் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

எழுந்து அமர முடிந்ததும் வேலையைத் தொடங்கினோம். 'குடும்பம்' என்று ஒரு குழுவை உருவாக்கினோம். துணைவியாருக்குத் தனிக் கணக்கொன்று திறந்து, அதில் எக்ஸ்எஃப்சிஇ என்னும் எளிய மேசைத்தளத்தை அமைத்தோம். பார்த்தவுடன் விளங்கும் சின்னங்களும் பட்டியலும் அதில் உண்டு; பழைய கணினிக்கும் அது சுமையன்று. திரையில் நான்கு கோப்புறைகள் வைத்து, மருத்துவம், வங்கி, வீட்டு வரி, புகைப்படங்கள் என்று தமிழில் பெயரிட்டோம். அவற்றைப் படிக்கவும் எழுதவும் குடும்பக் குழுவினர் அனைவருக்கும் அனுமதி அளித்தோம். காப்பீட்டுப் பத்திரத்தை அச்சிட்டு, சமையலறை அலமாரியின் உட்கதவிலும் ஒட்டினோம். நம் கறுப்புத் திரையை விட்டுவிடவில்லை. பொய் சொல்வானேன், அது இன்னும் நமக்கு இனிக்கிறது. ஆனால் அதன் அமைப்புக் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் மேலே, அது எதற்கு என்று தமிழில் ஒரு குறிப்பு எழுதி வைத்தோம். நூற்று நாற்பது வரிகள். ஒரு வாரம் பிடித்தது. பல வரிகளுக்கு என்ன காரணம் எழுதுவதென்று நமக்கே தெரியவில்லை. அவற்றை அழித்துவிட்டோம்.

வாசக அன்பர்களே, தனக்கென்று ஒன்றைச் செதுக்கிக்கொள்வது தவறன்று. தோட்டம் போடுகிறவரும், சமையலில் தம் கைப்பக்குவம் காண்கிறவரும், புத்தகங்களைத் தமக்கே உரிய முறையில் அடுக்குகிறவரும் அதைத்தான் செய்கிறார்கள். எனினும் நாம் எழுந்திருக்க முடியாத ஒரு காலையில், நம் வீட்டார் நம் உலகத்துக்குள் நுழைந்து, தங்களுக்கு வேண்டியதைக் கண்டெடுக்க வழியுண்டா? இதை நெஞ்சுவலி வருவதற்கு முன்பே கேட்டுக்கொள்வது நலம்.

சென்ற மாதம் மாத்திரைச் சீட்டு ஒன்றைத் தேடித் துணைவியாரின் கணக்கைத் திறந்தோம். பின்புலத்தில் நாம் வைத்திருந்த மலைக்காட்சி இல்லை. கொல்லையிலுள்ள முருங்கை மரம் பூத்து நின்றது. எழுத்துகள் பெரிதாகியிருந்தன. 'மருத்துவம்' என்ற கோப்புறையைக் காணவில்லை. ஒரு கணம் திடுக்கிட்டு, பிறகு கண்டோம். அதே இடத்தில் 'ஆஸ்பத்திரி' என்று பெயர் மாறியிருந்தது.

"நீங்கதானே மாற்றினீர்கள்?" என்று கேட்டோம்.

"ஆமா, எனக்கு அதுதான் வாயில வருது" என்றார், கீரை ஆய்ந்துகொண்டே.

அது அவர் அடித்த ஆணி. நாம் அதைத் தொடவில்லை.