ஏரி கற்றுத் தந்த பாடம்

மலைகளின் அரசி என்று போற்றப்படும் உதகையிலே வாழும் பேறு பெற்றவர்கள் நாங்கள். எங்கெங்கிருந்தோ மக்கள் வந்து கண்டு களிக்கும் ஏரியை, பேருந்தின் சன்னல் வழியாக ஒரு கணம் பார்ப்பதோடு சரி. கண்ணெதிரே இருப்பதன் அருமை யாருக்குத்தான் தெரிகிறது?

இவ்வாண்டு எங்கள் சமூக அறிவியல் ஆசிரியையான அருட்சகோதரி, "நம் ஊர் ஏரியின் வரலாற்றைத் தொகுத்து வாருங்கள்" என்று பணித்தார்கள். நூலகத்தில் ஏடுகளைப் புரட்டிய எங்களுக்கு வியப்பின் மேல் வியப்பு! இந்த ஏரி இயற்கையாக அமைந்தது அன்று. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் என்பவர், 1823-க்கும் 1825-க்கும் இடையில், மலைச்சரிவுகளில் இறங்கி வந்த ஓடைகளுக்குக் குறுக்கே கரை எழுப்பி இதை உண்டாக்கினார். அந்நாளில் மக்கள் இதில் மீன் பிடித்தார்கள். அக்கரைக்குச் செல்லத் தோணிகளில் ஏறினார்கள். மூன்று முறை கரை உடைந்து ஏரி வெறுமையாயிற்று. மூன்று முறையும் அதை மீண்டும் கட்டினார்கள்.

வெள்ளத்துக்குத் தப்பிய ஏரி மனிதர்களுக்குத் தப்பவில்லை. நாங்கள் நாள்தோறும் இறங்கும் பேருந்து நிலையமும், அதனருகே குதிரைப் பந்தயம் நடந்த மைதானமும் ஒரு காலத்தில் ஏரியாக இருந்த இடங்களே! இன்று எஞ்சியிருப்பது சுமார் 65 ஏக்கர். 1973-இல் சுற்றுலாத் துறை பொறுப்பேற்றுப் படகுச் சவாரியை நடத்தத் தொடங்கிய பின், படகுத்துறை ஊரின் முகமாகவே ஆகிவிட்டது. எத்தனையோ குடும்பங்களுக்கு அதுவே சோறு போடுகிறது.

படித்தது போதாதென்று ஒரு சனிக்கிழமை நேரிலும் சென்றோம். வண்ண வண்ணப் படகுகள், யூகலிப்டஸ் மரங்களின் நறுமணம், கரையெங்கும் குழந்தைகளின் ஆரவாரம்! நாங்கள் ஐவர் ஒரு துடுப்புப் படகில் ஏறினோம். வயது முதிர்ந்த படகோட்டி நிதானமாகத் துடுப்பு வலித்தார்.

"தாத்தா, படகெல்லாம் புதுசு மாதிரி இருக்கே!" என்றோம்.

அவர் சிரித்தார். "படகுக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிக்கலாம் கண்ணு. தண்ணிக்கு யாரு அடிக்கிறது?"

ஏரியின் மறுகோடியை அவர் சுட்டிக் காட்டினார். ஊருக்குள்ளே ஓடி வரும் கோடப்பமந்து கால்வாய் அங்கேதான் ஏரியில் கலக்கிறதாம். எத்தனை முறை தூர் வாரினாலும், ஆகாயத்தாமரையை அகற்றினாலும், கழிவுநீரும் குப்பையும் அவ்வழியே மீண்டும் வந்து சேர்கின்றன என்றார். அப்போது அவருடைய துடுப்பில் ஏதோ சிக்கி மேலே வந்தது. சிவப்பு நிற மிட்டாய் உறை! எங்கள் பள்ளிக்கு எதிரேயுள்ள கடையில் நாங்கள் வாங்கும் அதே மிட்டாய்.

எங்களுள் ஒருவரும் பேசவில்லை. மாலையில் வீடு திரும்பும்போது அந்தக் கால்வாயின் பாலத்தைக் கடக்கிறோம். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, உறையைப் பாலத்தின் மேலிருந்து வீசி, யாருடையது முதலில் மறைகிறது என்று பந்தயம் கட்டியவர்கள் நாங்களேதான்! அவ்வுறைகள் எங்கே போகின்றன என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

திங்களன்று வகுப்பில் எங்கள் கட்டுரையைப் படித்தபோது இதையும் மறைக்காமல் படித்தோம். அருட்சகோதரி கடிந்துகொள்ளவில்லை. "குற்றத்தை ஒப்புக்கொண்டீர்கள். பரிகாரம் என்ன?" என்று மட்டும் கேட்டார்கள். அன்று முதல் எங்கள் வகுப்பு மாணவியர் ஒவ்வொருவர் பையிலும் ஒரு சிறு துணிப்பை இருக்கிறது. தாளும் உறையும் அதற்குள்ளேயே போகின்றன. வீட்டில்தான் அதைக் காலி செய்கிறோம்.

கழிவுநீரைத் தடுத்துச் சுத்திகரிப்பது பெரியவர்கள் செய்யவேண்டிய பெரும்பணி. பெற்றோரே, அதை நீங்கள் கேட்டுப் பெறவேண்டும் என்று பணிவுடன் வேண்டுகிறோம். தங்கைகளே, உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றே: பாலத்தின் மேல் நடக்கும்போது கைகளை மூடிக்கொள்ளுங்கள். மூன்று முறை உடைந்த கரையை நம் முன்னோர் கட்டினார்கள். அவர்கள் காத்துத் தந்த தண்ணீர் இப்போது நம் பொறுப்பில் இருக்கிறது.

— பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு