தேர்வு எழுதியது யார்?

"பிள்ளைகள் எந்தப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறார்கள்?" என்று எவரேனும் கேட்டால், விடை சொல்லப்போவது யார் என்று கணவனும் மனைவியுமாகிய நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வது வழக்கம். "வீட்டில்தான் படிக்கிறார்கள்" என்று சொன்னதும் ஓர் அமைதி நிலவும். அந்த அமைதியில் கேட்டவர் எங்களை எடை போடுவார். அவர் விடைபெற்றுச் சென்றபின், பிள்ளைகள் உறங்கிய வேளையில், எங்களை நாங்களே எடை போட்டுக்கொள்வோம். அத்தகைய இரவுகளைப் பற்றியே இங்கு எழுத விழைகிறோம்.

திண்டுக்கல்லை அடுத்த சிற்றூர் ஒன்றில் வாழ்கிறோம். எங்களில் ஒருவர் ஏழாண்டுகள் தொடக்கப்பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றியவர். மற்றவர் மின்மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு இரண்டு. 2021 நவம்பர் முதல் நாள் சிறு வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டன. ஊர்ப்பிள்ளைகள் எல்லாம் சென்றார்கள். நாங்கள் மட்டும் மகளை அனுப்பவில்லை.

காரணம் இல்லாமல் இல்லை. வகுப்பறையில் நின்ற ஏழாண்டுகளில் ஒன்றைக் கண்டிருந்தோம். வினா கேட்டவுடன் பல குழந்தைகளின் பார்வை கரும்பலகைக்குச் செல்வதில்லை. ஆசிரியையின் முகத்துக்குச் செல்கிறது. சரியான விடை எது என்பதைவிட, எதைச் சொன்னால் திட்டு விழாது என்பதையே அவர்கள் தேடினார்கள். ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்க ஆசிரியர் 1964இல் வெளியிட்ட நூலில் இதே அச்சத்தைத்தான் விரித்து எழுதியிருக்கிறார் என்பதைப் பின்னர் அறிந்தோம். அவர் 1977இல், பள்ளிக்குச் செல்லாமல் வளரும் பிள்ளைகளின் பெற்றோருக்கென ஓர் இதழையே தொடங்கினார். பள்ளிப் பாடத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருவது அவர் சொன்ன வழியன்று. குழந்தையின் கேள்வி எங்கே செல்கிறதோ அங்கே நாமும் உடன் செல்வதே அவ்வழி.

அவ்வாறே சென்றோம். மகன் எறும்புப் புற்றருகே அரைநாள் அமர்ந்திருப்பான். மகள் கடைக்கு வந்து காயில் சுற்றும்போது சுற்றுகளை எண்ணுவாள். எண்ணிக்கை தவறினால் மோட்டார் சூடேறும் என்பது அவளுக்குத் தெரியும். கண்களை மூடிக்கொண்டு, கைப்பிடி சுழலும் ஓசையைக் கேட்டே பிழையின்றி எண்ணுவாள். அதைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தோம்.

ஆனால் எட்டு வயதாகியும் அவள் வாசிக்கவில்லை. உயிரும் மெய்யும் அறிவாள். சொல்லாகக் கூட்டுவதற்குள் எழுந்து போய்விடுவாள். பின்லாந்தில் ஏழு வயதில்தானே பள்ளியைத் தொடங்குகிறார்கள் என்று முதலில் தேற்றிக்கொண்டோம். ஏழும் கடந்தபின் அந்த ஆறுதலும் தீர்ந்தது. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதைப் பெற்றோரின் கடமை என்கிறதே, நாளை எவரேனும் கேட்டால் என்ன சொல்வது? பதினான்கு வயது நிறைந்தபின் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதலாம் என்பது உண்மைதான். ஆனால் வாசிக்கத் தெரியாத பிள்ளை என்ன எழுதும்? இரவுகள் இப்படியே கழிந்தன.

2024ஆம் ஆண்டு கோடையில், பிள்ளைகளின் பெரியப்பா வீட்டுக்குச் சென்றிருந்தோம். அவர் மகளின் திருமணப் பத்திரிகை அச்சாகி வந்திருந்தது. பெரியப்பா உற்சாகமாக ஒன்றை எடுத்து, சித்தி மகனிடம் நீட்டினார். ஆறு வயதுச் சிறுவன். மணமக்கள் பெயரையும் மண்டபத்தின் பெயரையும் தடுமாறாமல் வாசித்தான். பத்திரிகை அடுத்து எங்கள் மகளிடம் வந்தது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "பூப்படம் நல்லா இருக்கு பெரியப்பா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். எங்களால்தான் சிரிக்க இயலவில்லை. திரும்பிவரும் பேருந்தில் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை.

மறுநாளே இரட்டைக்கோடு நோட்டு வீட்டுக்கு வந்தது. மாலை ஐந்து மணி முதல் ஆறு மணி வரை வாசிப்பு. எந்தக் குரலை விட்டு விலகினோமோ, அதே குரல் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒலித்தது. மகளோ எங்கள் முகத்தைப் பார்த்து விடை தேடத் தொடங்கினாள். நான்காம் நாள் தலை வலிக்கிறது என்றாள். ஐந்தாம் நாளும் அதையே சொன்னாள். "சாக்குச் சொல்லாதே" என்று அதட்டினோம். இருபது நாட்கள் இப்படிச் சென்றன. ஒருநாள் நோட்டை மூடிவைத்துவிட்டு மெல்லக் கேட்டாள்: "அம்மா, கொஞ்ச நேரம் பார்த்தா எழுத்தெல்லாம் கலங்குது. உனக்கும் அப்படித்தானே?"

எல்லோருக்கும் அப்படித்தான் என்று அவள் இத்தனை காலமும் எண்ணியிருந்தாள்.

கண் மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, தூரப்பார்வைக் குறை என்றார். தொலைவில் உள்ளவை தெளிவாகத் தெரிவதால் வீட்டில் இருப்பவர்கள் இதை எளிதில் அறிவதில்லை. அருகில் உள்ள எழுத்தைத் தொடர்ந்து நோக்கும்போதுதான் கண் சோர்ந்து தலை வலிக்கும் என்று விளக்கினார். காயில் சுற்றும்போது அவள் மூடிக்கொண்ட கண்கள் எங்கள் நினைவுக்கு வந்தன. நாங்கள் திறமை என்று பெருமைப்பட்டது, ஓய்வைத் தேடிய கண்களாகவும் இருந்திருக்கலாம்.

செய்தி அறிந்த பெரியப்பா, "பள்ளிக்கூடத்தில் இருந்திருந்தால் கண் சோதனை முகாமிலேயே கண்டுபிடித்திருக்கலாம்" என்றார். அவர் எங்களைக் குத்திக்காட்டவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். அதற்கு எங்களிடம் மறுமொழி இல்லை. இன்றும் இல்லை.

இத்தனை இரவுகள் ஐயுற்றோமே, எதைப் பற்றி ஐயுற்றோம் என்று பின்னர் எண்ணிப் பார்த்தோம். நாங்கள் தேர்ந்த வழி சரிதானா, உறவினர் முன் தலைநிமிர்ந்து நிற்க முடியுமா, நாளை யாரிடம் என்ன விடை சொல்வது என்றே அத்தனையும் எங்களைச் சுற்றி வந்தது. அந்த வேளையிலெல்லாம் குழந்தை அருகிலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாள். மதிப்பெண் எங்கள் பிள்ளைகளை அளக்கக்கூடாது என்று சொல்லித்தான் பள்ளியை விட்டு விலகினோம். ஆனால் அவள் வாசிப்பதையே எங்களுக்கான மதிப்பெண்ணாக ஆக்கிக்கொண்டோம். பத்திரிகையை நீட்டிய அந்தப் பொழுதில் தேர்வு எழுதியவர்கள் நாங்கள். தோல்விக்கான தண்டனையை இருபது மாலைகள் அனுபவித்தவள் அவள்.

ஐயம் கொள்வது பிழையன்று. ஐயமே இல்லாத பெற்றோராக இருந்திருந்தால், "அவளுக்கு விருப்பம் வரும்போது வாசிப்பாள்" என்று இன்னும் சில ஆண்டுகள் காத்திருப்போம். கொள்கையின் பெயரால் அவள் கண்களைக் கெடுத்திருப்போம். நம்மை நோக்கித் திரும்பும் ஐயம் நம்மை வருத்துவதோடு நின்றுவிடுகிறது. குழந்தையை நோக்கித் திரும்பும் ஐயமோ அதனருகே அமர்ந்து, "உனக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்க வைக்கிறது. நாங்கள் கேட்கத் தவறிய கேள்வி அதுதான். அதையும் அவளே எங்களிடம் கேட்டாள்.

ஓராண்டு கடந்துவிட்டது. மகள் கண்ணாடி அணிந்திருக்கிறாள். அதை அணிந்த மறுநாளே வாசித்துவிட்டாள் என்று எழுத ஆசைதான், அப்படி நடக்கவில்லை. இரட்டைக்கோடு நோட்டைப் பரண்மேல் வைத்துவிட்டோம். சில மாதங்கள் கழித்து, கடைக்கு வரும் மோட்டார்களின் தகட்டில் உள்ள எழுத்துகளைத் தடவித் தடவி வாசிக்கத் தொடங்கினாள். சித்தி மகனைவிட இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறாள். ஆண்டுக்கு ஒருமுறை பிள்ளைகள் இருவரையும் கண், காது, பல் சோதனைக்கு அழைத்துச் செல்கிறோம். பள்ளிக்குச் செல்ல விருப்பமா என்றும் ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில் கேட்பது என்று முடிவு செய்திருக்கிறோம். இவ்வாண்டு மகன் வேண்டாம் என்றான். மகள், "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அவள் என்ன சொல்வாள் என்று அறியோம். போகிறேன் என்று சொன்னால் எங்கள் மனம் சற்று நோகவே செய்யும். ஆயினும் அந்த நோவை அவள் முகத்துக்கு முன் கொண்டுவராமல், பையும் குடையும் வாங்கிக்கொடுத்து, பள்ளி வாசல்வரை உடன் செல்ல வேண்டும் என்று இப்போதே எங்களுக்கு நாங்களே சொல்லிப் பழகி வருகிறோம்.