பம்பின் மேல் விழும் பழி

மார்ச் 9, சங்ககிரி

சங்ககிரியின் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும், சேலத்தை ஒட்டிய வெள்ளைக்கல் சுரங்கங்களிலும், நாமக்கல் வட்டாரத்துச் சல்லிக் குவாரிகளிலும், கோடையில் வண்டல் அள்ளப்படும் ஏரிகளிலும் பரவலாக உழைப்பது 20 டன் வகுப்புப் பொக்லைன். அதன் டீசல் இன்ஜின் பூமையோ பக்கெட்டையோ நேராக அசைப்பதில்லை. இரண்டு பிஸ்டன் பம்புகளையும் ஒரு சிறிய கியர் பம்பையும் அது சுழற்ற, பிஸ்டன் பம்புகள் தள்ளும் ஆயில் கன்ட்ரோல் வால்வில் பிரிந்து, பூம், ஆர்ம், பக்கெட் ஆகியவற்றின் சிலிண்டர்களுக்கும், மேற்பகுதியைத் திருப்பும் ஸ்விங் மோட்டாருக்கும், செயின்களை ஓட்டும் டிராவல் மோட்டார்களுக்கும் சென்று, கூலரையும் ஃபில்டரையும் கடந்து டேங்கிற்குத் திரும்புகிறது. உச்ச அழுத்தம் ஏறத்தாழ 350 பார், அதாவது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 350 கிலோ எடை அழுத்துவதற்கு நிகர். கியர் பம்பு தருவதற்குப் பைலட் அழுத்தம் என்று பெயர். 40 பார் அளவே கொண்ட அது, ஆபரேட்டர் லீவரை அசைக்கும்போது கன்ட்ரோல் வால்விலுள்ள ஸ்பூல் எனப்படும் உருளைத் தண்டுகளை நகர்த்தி ஆயிலுக்கு வழி திறக்கிறது.

மார்ச் 23, நாமக்கல் அருகே ஒரு குவாரி

“வண்டி இழுக்கவில்லை” என்ற ஒரே புகாரில் பல கோளாறுகள் அடங்கியிருப்பதாலும், எல்லாவற்றுக்கும் பம்பே மூலம் என்ற நம்பிக்கை தொழிலில் வேரூன்றிவிட்டதாலும், குற்றமற்ற பம்புகள் கழற்றப்படுவது சாதாரணமாகிவிட்டது. வண்டியின் விலையுயர்ந்த உறுப்புகளுள் ஒன்றான அதைத் தொடுமுன், எந்த அசைவு குன்றியது, எது குன்றவில்லை என்று வரிசையாக இயக்கிப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். ஓர் அசைவு மட்டும் மந்தமெனில் கோளாறு அதற்குரிய சிலிண்டரிலோ, மோட்டாரிலோ, ஸ்பூலிலோ இருக்கும். எல்லா அசைவுகளும் ஒருசேரக் குன்றினால், இரண்டு பம்புகளும் ஒன்றாகக் கெடுவது அரிது என்பதால், ஆயில் மட்டம், டேங்கினுள் உள்ள உறிஞ்சுவலை, பைலட் அழுத்தம், இன்ஜினின் இழுவை ஆகிய பொதுவானவற்றையே முதலில் ஐயுற வேண்டும்.

பாதி அசைவுகள் மட்டும் குன்றுவதே ஆராய்ச்சிக்குச் சுவையான நிலை. பல மாடல்களில் ஒரு பம்பு வலது டிராவலுக்கும் பக்கெட்டுக்கும், மற்றது இடது டிராவலுக்கும் ஸ்விங்குக்கும் ஆயில் தருவதால், வலது செயினும் பக்கெட்டும் சேர்ந்து சோரும்போது ஐயம் ஒரு பம்பின் பக்கம் திரும்புகிறது. அப்போதும் அதைக் கழற்ற வேண்டியதில்லை. இரு பம்புகளின் வெளியேற்று ஹோஸ்களை இடம் மாற்றிப் பூட்டிய பின் மந்தம் மறுபக்கம் தாவினால் குற்றம் பம்பினுடையது அல்லது அதன் ரெகுலேட்டருடையது. தாவாமல் நின்றால் வால்வினுடையது.

ஏப்ரல் 6, திருச்செங்கோடு

ஆழ்துளைக் கிணற்று ரிக் வண்டிகளுக்குப் பெயர்போன இவ்வூரில் ஹைட்ராலிக் அறிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ரிக்கில் துளைக்குழாயைச் சுழற்றுவதும் இறக்கி ஏற்றுவதும் இதே ஆயில்தான். இங்கு அடிக்கடி பேசப்படுவது, உயர்த்திய பூம் தானாக இறங்கும் சிக்கல். பிஸ்டன் சீல் தேய்ந்ததா, வால்வில் கசிவா என்று அறிய, இன்ஜினை நிறுத்தி, பூமுக்கு முட்டுக் கொடுத்து, அழுத்தத்தை வெளியேற்றி, சிலிண்டரின் தண்டுப் பக்க ஹோஸை மட்டும் கழற்றி, முட்டை விலக்கிச் சற்றுத் தொலைவில் நின்று பார்க்கின்றனர். திறந்த வாயில் ஆயில் தொடர்ந்து ஊறினால் சீல் கிட் மாற்ற வேண்டும். ஊறாமலே பூம் இறங்கினால் வால்வைத் தேட வேண்டும். எடையைத் தாங்கி நிற்கும் அடிப்பக்க ஹோஸை ஒருபோதும் திறக்கலாகாது.

மே 4, ஓமலூர்

காலையில் நன்றாக ஓடிப் பிற்பகலில் தளரும் வண்டிகள் இம்மாதத்தில் மிகுகின்றன. வெளிவெப்பம் 40 டிகிரியை நெருங்குகையில், கூலரின் இதழ்களுக்கிடையே கல்மாவு அடைந்திருந்தால் ஆயில் 80 டிகிரிக்கு மேல் ஏறி நீர்த்துப்போய், தேய்ந்த இடைவெளிகளினூடே நழுவிவிடுகிறது. கூலரை, விசிறிக் காற்று வரும் திசைக்கு எதிராக ஊதிச் சுத்தம் செய்த பின்னும் தளர்ச்சி நீடித்தால், பம்பின் உடலிலிருந்து டேங்கிற்குத் திரும்பும் கேஸ் டிரெயின் கசிவை அளக்கலாம்; அது கையேட்டின் வரம்பை மீறினால் மட்டுமே பம்பின் மீதான பழி நியாயமாகிறது. தடிப்பு மிகுந்த ஆயிலை ஊற்றிச் சமாளிப்பது, கூலரின் அடைப்பை மறைக்கும் வேலையே.

மே 18, மீண்டும் குவாரியில்

கண்ணுக்குத் தெரியும் மிகச் சிறிய துகள் சுமார் 40 மைக்ரான். பம்பும் ஸ்பூலும் அரிபடுவதோ அதைவிட நுண்ணிய துகள்களால். எனவே பார்வைக்குத் தெளிந்த ஆயில் சுத்தமானது என்று கொள்ள இயலாது. கல்லுடைக்கும் பிரேக்கர் பூட்டிய வண்டியில் அதிர்வாலும், உளி நுழையும் வழியே சேரும் கல்தூளாலும் அழுக்கு விரைந்து பெருகுவதால், முழுநேரமும் பிரேக்கரிலேயே ஓடும் வண்டிக்கு 600 மணியிலேயே ஆயிலை மாற்றச் சில கையேடுகள் கூறுகின்றன. கழற்றிய ஃபில்டரை எறியாமல் அறுத்து விரித்தால், காந்தத்தில் ஒட்டாத மஞ்சள் மினுக்கு பம்பு அல்லது மோட்டாரின் வெண்கலப் பாகங்கள் தேய்வதையும், கருந்துணுக்குகள் சீல் சிதைவதையும் காட்டிக்கொடுக்கின்றன. புது ஆயிலைத் திறந்த வாளியில் முகந்து ஊற்றும் பழக்கம் இத்தனை கவனத்தையும் வீணாக்குகிறது.

ஜூன் 8

ஹோஸில் ஊசித்துளை இருக்குமிடத்தைக் கையால் தடவித் தேடுவது கொடிய ஆபத்து. தோலைத் துளைத்து உட்புகும் ஆயிலுக்கு உடனடி அறுவை சிகிச்சை தேவைப்படும். தேடுவதற்கு ஓர் அட்டைத் துண்டே போதும்.

அக்டோபர் 19, ஏரிக்கரை

வடகிழக்குப் பருவமழையில் வேலை நிற்க, வண்டிகளும் நிற்கின்றன. ஆயில் பால்போல் வெளுத்திருப்பது நீர் கலந்ததன் அடையாளம் என்பதால், இரவு முழுதும் தெளியவிட்டு, டேங்கின் அடித்திருகைத் தளர்த்தி நீரை முதலில் வடிக்க வேண்டும். வெண்மை நீங்காவிடில் ஆயிலையே மாற்ற வேண்டும். நிறுத்திவைக்கும்போது சிலிண்டர் தண்டுகளை இயன்றவரை உள்ளிழுத்து, வெளியே நிற்கும் பகுதிக்குக் கிரீஸ் பூச வேண்டும். துருப்பிடித்த தண்டு, வேலை தொடங்கிய சில நாட்களிலேயே சீலின் உதட்டை அறுத்துவிடும்.