அப்பா மேல் போட்ட பழி

முப்பத்து நான்கு வருஷமாக ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன். "எனக்கு ஹிஸ்டரி படிக்கத்தான் ஆசை. அப்பாதான் விடல." சொல்லி முடித்ததும் சின்னதாக ஒரு பெருமூச்சு. கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொன்னேன். ஆபீஸில் டீ குடிக்கும்போது சொன்னேன். அப்பாவின் காரியத்துக்கு வந்திருந்த பெரியப்பா மகனிடம்கூட, பந்தியில் உட்கார்ந்தபடி சொன்னேன்.

கதையில் முதல் பாதி நிஜம். பத்தாம் வகுப்பில் எங்களை உத்திரமேரூருக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவர் முழுக்க எழுத்து. ஓர் எழுத்தின் பள்ளத்தில் விரலை வைத்து ஓட்டிப் பார்த்தேன். வெயிலில் கல் சுட்டது. முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலை விதிகளை வாத்தியார் சொல்லிக்கொண்டே வந்தார். வயது 35-க்கு மேல், 70-க்குள் இருக்க வேண்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பேரை ஓலையில் எழுதவே கூடாது. அவன் சொந்தக்காரர்கள் பேரும் கூடாது. 919-இல் ஓர் ஏற்பாடு, 921-இல் அதைத் திருத்தி இன்னொன்று. "ரெண்டே வருஷத்துல மாத்திட்டாங்க, பாத்தியா?" என்றார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், படித்தால் இதைத்தான் படிப்பது என்று.

1989-இல் ப்ளஸ் ஒன். எடுத்தது ஃபர்ஸ்ட் குரூப். கணக்கும் நானும் இரண்டு வருஷம் ஒரே வீட்டில் பேசாமல் இருந்த பங்காளிகள் மாதிரி இருந்தோம். 1991 மார்ச் பரீட்சையில் 200-க்கு 62. எழுபது வாங்கியிருந்தால் பாஸ். அக்டோபரில் திரும்ப எழுதித் தேறினேன். ஒரு வருஷம் போனது. அந்த வருஷம் தெருவில் எதிரே வருகிறவர்களையெல்லாம் தவிர்த்துச் சந்து வழியாகவே நடந்தேன். பிறகு பி.காம்., குமாஸ்தா வேலை. இன்றுவரை அதே நாற்காலி இல்லாவிட்டாலும் அதே மாதிரி நாற்காலி.

2023 மே மாதம். மகளுக்குப் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து, எந்த குரூப் என்று வீட்டில் பேச்சு. சமூக அறிவியலில் 97. இந்த நாளுக்காகத்தான் நான் காத்திருந்தேன். எனக்குக் கிடைக்காததை என் பெண்ணுக்குக் கொடுக்கும் அப்பா! குரலைக் கொஞ்சம் தழைத்துக்கொண்டு கதையை ஆரம்பித்தேன். அவள் தட்டில் இருந்த தோசையைப் பிய்த்தபடி கேட்டாள். கடைசியில் ஒன்று கேட்டாள்.

"சரிப்பா, ப்ளஸ் டூ முடிச்சப்புறம் பி.ஏ. ஹிஸ்டரி சேர்ந்திருக்கலாமே? எந்த குரூப் எடுத்தவங்களும் சேரலாம்தானே?"

சேரலாம்தான். நான் விண்ணப்பம்கூட வாங்கவில்லை. சிநேகிதன் பி.காம். வாங்கினான், நானும் வாங்கினேன். பதில் சொல்லாமல் சட்னியை எடுத்தேன்.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா நிமிரவில்லை. "உங்க தாத்தா எங்கடீ வேணாம்னாரு? அவர் அப்ப வேலூர்ல இல்ல இருந்தாரு, டியூட்டில. கையெழுத்துப் போட மாமாதான் போனாரு. வந்தப்புறம்தான் கேட்டாரு, என்ன குரூப்புடா எடுத்தேன்னு. இவன் சொன்னான். உனக்குப் புடிச்சிருந்தா சரின்னுட்டுப் படுத்துட்டாரு."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அந்த வரிசை ஞாபகத்துக்கு வந்துவிட்டது. எத்தனையோ வருஷமாக அந்தப் பக்கமே போகாத ஞாபகம். பள்ளிக்கூட வராந்தா, ஒரு கால் ஆடும் மேஜை, நீல மசிப் பேனா. எனக்கு முன்னால் நின்றவன் "ஃபர்ஸ்ட் குரூப் சார்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நகர்ந்தான். எழுதிக்கொண்டிருந்த சார் தலை தூக்காமல், "நீ?" என்றார். ஹிஸ்டரி இருந்தது தேர்டு குரூப்பில். நாக்கு வரைக்கும் அந்த வார்த்தை வந்தது. பின்னால் யாரோ சிரித்தார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்களா என்றுகூடத் தெரியாது. ஐந்நூற்றுக்கு 418 எடுத்தவன் தேர்டு குரூப்பா என்று அவர்கள் கேட்கப்போகிறார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. "ஃபர்ஸ்ட் குரூப் சார்."

மாமா பக்கத்தில் நின்று வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அப்பா வேலூரில் இருந்தார்.

அம்மா வெங்காயத்தை முடித்துவிட்டு முறத்தில் தோலைத் தள்ளினாள். மகள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பாவம் என்று நினைத்தாளோ என்னவோ, பேச்சை மாற்றினாள். "ஹிஸ்டரி எடுப்பேனான்னு இன்னும் தெரியலப்பா. முதல்ல அந்த புக்கைப் பாக்கணும்."

ப்ளஸ் ஒன் வரலாறு புத்தகத்தைத் தேடிப்பிடித்து வாங்கி வந்தேன். நான்கு நாள் அது கட்டில்மேல் கிடந்தது. பழைய கற்காலத்திலிருந்து சிந்து நாகரிகம் வரை ஒழுங்காகவே படித்தாள் என்று நினைக்கிறேன். ஐந்தாம் நாள் வந்து, "சிந்துவெளி எழுத்தை இன்னும் யாராலயும் படிக்க முடியலையாமே" என்றாள், ஏதோ நல்ல சேதி சொல்வதுபோல. ஹிஸ்டரி உள்ள குரூப்பையே எழுதினாள். அதனால் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. பெற்றோர் கையெழுத்து என்ற இடத்தில் மட்டும் போட்டேன்.

அன்று ராத்திரி பெரியப்பா மகனுக்கு போன் போட்டேன். வேறு என்னென்னவோ பேசிவிட்டு, அப்பா பற்றி அன்றைக்குப் பந்தியில் சொன்னது பொய் என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"சித்தப்பா அப்படிச் சொல்ற ஆளே இல்லையேடா. நான் அன்னிக்கே நம்பல" என்றார்.