அரசிக்கு ஏது அளவு?

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் முன்னோர் வாக்கு. அந்தக் கணக்கு எல்லார்க்கும் பொருந்துவதில்லை என்பது நம்மைப் போன்ற பெருத்த உடம்பினர்க்குத்தான் தெரியும். நம்மிடத்தில் ஆள் முக்கால். ஆடை எப்போதும் கால்தான். அன்றாடம் உடுத்தும் சட்டை என்றால் தையற்காரர் கைகொடுப்பார். அரசர் வேடம் புனைய ஆசைப்பட்டாலோ, அங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

பிழைப்பை நாடிச் சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறிய நம் குடும்பங்களுக்குச் சங்கத்தின் ஆண்டுவிழா நாடகம் வெறும் பொழுதுபோக்கன்று. பள்ளியில் தெலுங்கெழுத்தும் ஆங்கிலமும் பயின்று, வீட்டில் மட்டும் தமிழ் பேசும் நம் பிள்ளைகள், நாலு பேர் நடுவே நின்று வாய்நிறையத் தமிழ் வசனம் பேசுவது ஆண்டில் அந்த ஒரு நாள்தான். ஆகவேதான் ராஜராஜனும் கட்டபொம்மனும் ஆண்டுதோறும் நம் மேடைக்கு வந்து போகிறார்கள்.

பல்லாண்டுகளுக்கு முன் ஒரு முறை நாமும் ராஜராஜனாக நின்றோம். சென்னையிலிருந்து வாடகைக்கு வந்த வெல்வெட் அங்கி நாற்பது அங்குல மார்புக்குத் தைத்தது, நம்முடையதோ நாற்பத்தாறு. மூச்சை அடக்கி மாட்டிக்கொண்டு மேடையேறிவிட்டோம். போர் முழக்கமிட்டு வாளை உயர்த்தினோம்; அக்குளில் தையல் ‘பர்ர்’ என்று கிழிந்தது. அரங்கம் சிரித்தது, நாமும் சேர்ந்து சிரித்தோம். அதன்பின் நமக்கு வந்தவையெல்லாம் சமையற்காரர், வட்டிக்கடை முதலாளி, மிஞ்சிப் போனால் கும்பகர்ணன். ‘உடம்புக்கேற்ற வேடம்’ என்றார்கள். நாமும் அதற்கு உடன்பட்டோம்.

சில ஆண்டுகளுக்கு முன், கிருஷ்ணதேவராயரைப் பற்றிய நாடகம் ஒன்றைச் சங்கத்து அன்பர் ஒருவர் எழுதினார். பட்டத்தரசி திருமலாதேவியாக நம் மகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது, நம் உடல்வாகு. குரல் வளம் மிக்கவள். இரண்டு பக்க வசனத்தை ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்து, சமையலறையிலும் மொட்டைமாடியிலும் அரசாண்டுகொண்டிருந்தாள்.

விழாவுக்கு மூன்று வாரம் முன்பாகவே வாடகை உடைப்பெட்டி வந்துவிட்டது. அரசியின் ரவிக்கையை அணிவித்துப் பார்த்தார்கள். கொக்கிக்கும் வளையத்துக்கும் இடையே நான்கு விரல் இடைவெளி. ஒட்டியாணமும் பின்புறம் எட்டவில்லை. “தோழி வேடம் கொடுத்துவிடலாமே, அதற்குச் சொந்தப் பாவாடை தாவணியே போதும்” என்றார் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான். அன்றிரவு மகள் நம்மிடம் வந்து, “அப்பா, நான் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கிறேன். நீங்கள் யாரிடமும் ஒன்றும் கேட்க வேண்டாம்” என்றாள். அழவில்லை. சிரிக்க முயன்றாள்.

அந்தச் சிரிப்பு நம்முடையது. அங்கி கிழிந்த நாளில் நாம் சிரித்தோமே, அதே சிரிப்பு. பெருத்த உடம்பினர் ஒதுங்கி நிற்பதே நாகரிகம் என்ற பாடத்தை அவளுக்கு வேறு யாரும் கற்பிக்கவில்லை. நாமே கற்பித்திருக்கிறோம். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

அந்த வாரம் திருமலைக்குப் போகும் வேண்டுதல் ஒன்று இருந்தது. மகாத்துவாரத்தைக் கடந்ததும் வலப்புறத்து மண்டபத்தில் கிருஷ்ணதேவராயரும் தேவியர் திருமலாதேவி, சின்னாதேவி இருவரும் கைகூப்பி நிற்கும் உலோகத் திருமேனிகள் உண்டு. கூட்டத்தின் நெரிசலில் எத்தனையோ முறை அவற்றைப் பாராமலே கடந்து போயிருக்கிறோம். இம்முறை மகள் நின்றுவிட்டாள். “அப்பா, ராயர் சட்டையே போடவில்லையே!” என்றாள்.

உண்மைதான். தலையில் உயர்ந்த கூம்புக் குல்லாய், மார்பில் அணிகலன்கள், இடையில் கொசுவம் வைத்துக் கட்டிய ஆடை. தங்கச் சரிகை ஒட்டிய வெல்வெட் அங்கி எங்கே? கொக்கி எங்கே? வளையம் எங்கே?

திருப்பதியில் வரலாறு கற்பிக்கும் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னோம். அவர் சொன்ன செய்தி நம்மைத் தூக்கிவாரிப் போட்டது. 1520ஆம் ஆண்டையொட்டி விஜயநகரத்துக்கு வந்த டொமிங்கோ பாயஸ் என்ற போர்த்துகீசியர், ராயரை நேரில் கண்டு எழுதி வைத்திருக்கிறார். நடுத்தர உயரம், முகத்தில் அம்மைத் தழும்பு, மெலிந்தவர் என்பதைவிடப் பருத்தவர் என்றே சொல்லத்தக்க உடம்பு என்பது அவர் தரும் குறிப்பு. பொன்னிறப் பூவேலை செய்த வெள்ளாடை உடுத்தியிருந்தாராம். அவையில் ‘கபாயி’ என்ற தைத்த மேலங்கியும் வழக்கில் இருந்ததுண்டு; திருக்கோயிலில் நிற்கும்போது அதுவும் இல்லை. நாற்பது அங்குல அங்கிக்குள் நாம் அடைக்கப் பார்த்த மாமன்னரே பருத்த உடம்பினர்! அவர் உடையை அவருக்கே போட்டுப் பார்த்தாலும் தையல் விட்டிருக்கும்.

அப்படியானால் இந்த வெல்வெட் எங்கிருந்து வந்தது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊர் ஊராகச் சென்ற பார்சி நாடகக் கம்பெனிகள், வண்ணத் திரைகளையும் மின்னும் உடைகளையும் தென்னாட்டுக்குப் பழக்கின. பின்னர்த் திரைப்படமும் அதையே பின்பற்றியது. நம் கண்ணுக்குப் பழகிப்போன அரசர் கோலத்தின் வயது நூறாண்டுக்குச் சற்றுக் கூடுதல், அவ்வளவே.

அதற்கு முந்திய வழக்கம் நம் பக்கத்துச் சிற்றூர்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. சித்தூர் வட்டாரத்துத் திரௌபதியம்மன் திருவிழாக்களில் பாரதக் கூத்து நடக்கும்போது பாருங்கள். இலேசான கல்யாணமுருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கயிற்றால் இழுத்துக் கட்டப்படுபவை. இன்று ஒல்லியான தருமருக்குக் கட்டியதை நாளை பருத்த துரியோதனனுக்குக் கட்டலாம். கயிறு சற்று நீளும், அவ்வளவுதான். திருப்பதி கங்கையம்மன் ஜாத்திரையிலே புடைவை கட்டி வேடம் புனையும் ஆண்களில் எத்தனை உடல்வாகு! புடைவை எவரையும் திருப்பி அனுப்புவதில்லை.

ஊர் திரும்பியதும் சித்தூர்க் கடைத்தெருவில் ஒரு முதிய தையற்காரரிடம் மகளை அழைத்துச் சென்றோம். அவர் நிற்க வைத்து அளந்ததோடு விடவில்லை. “கையைத் தூக்கும்மா… இப்போ உட்காரும்மா… உன் வசனத்தைச் சத்தமாச் சொல்லும்மா” என்று ஒவ்வொரு நிலையிலும் நாடா வைத்துப் பார்த்தார். வசனம் பேசும்போது மார்பளவு ஏறத்தாழ இரண்டு அங்குலம் கூடியது. “நிற்கிற அளவுக்குத் தைத்தால் பேசும்போது கிழியும்” என்றார். நம் ராஜராஜன் கிழிந்த காரணம் அன்றுதான் விளங்கிற்று.

அவர் செய்தவை எளியவை. இழுத்தால் நெகிழாத வெல்வெட்டை விலக்கி, மெல்லிய பருத்தி உள்துணி கொடுத்த பட்டு. அக்குளில் கை உயரும்போது விரியுமாறு தனித் துண்டு. முதுகில் கொக்கிக்கு மாற்றாக, இருபுறமும் துளையிட்டுக் கோத்த நாடா. பின்னாளில் பிரித்துவிட உள்தையலில் ஒன்றரை அங்குலத் துணி. ஒட்டியாணத்தின் பின்புறம் ஒரு முழம் பட்டுக் கயிறு கோத்தார். “துணியைத்தான் உடம்புக்கு வெட்டணும், உடம்பைத் துணிக்கு வெட்ட முடியுமா?” என்று அவர் கேட்டபோது மகள் வாய்விட்டுச் சிரித்தாள். அது நம்மிடம் கற்ற சிரிப்பன்று.

பாட்டியின் ஒன்பது கஜப் புடைவையை மனைவியார் கச்சம் வைத்துக் கட்டிவிட்டார். ராயராக நடித்த இளைஞருக்கும் அங்கியை நீக்கிப் பத்தாறு வேட்டி கட்டினோம். பத்து முழம் இடையில் பஞ்சகச்சமாகவும், ஆறு முழம் மேலே அங்கவஸ்திரமாகவும் அமைந்தன. குல்லாயை அட்டையில் நாமே செய்தோம். மொத்தச் செலவு, உடைப்பெட்டியின் வாடகையைவிடச் சிறிதே கூடுதல்.

விழா நாளில் திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவர் நாம். இரண்டாம் காட்சியில் ஓரிடத்தில் மகளுக்கு ஒரு வரி மறந்துவிட்டது. நம் பக்கம் திரும்பினாள். முதற்சொல்லை எடுத்துக் கொடுத்தோம். கையை உயர்த்தி, மூச்சை நிறைய இழுத்து, மிச்சத்தை அவளே பேசினாள். தையல் ஒன்றும் விடவில்லை.

சங்கத்து அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வேடத்துக்கு ஆள் தேடும்போது முதலில் குரலையும் நெஞ்சையும் பாருங்கள். உடம்பை அளக்கும் வேலையைத் தையற்காரரிடம் விடுங்கள். ஆறு வாரம் முன்பே அளவெடுங்கள். வேட்டிகளும் ஒன்பது கஜப் புடைவைகளும் நாடா வைத்த அணிகளும் கொண்ட ஒரு பெட்டி சங்கத்துக்குச் சொந்தமாக இருக்கட்டும். நம் முன்னோர் உடுத்தியதும் பெரும்பாலும் அதுதான்.

அந்த ரவிக்கை இன்னும் நம் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. உள்தையலில் விட்ட ஒன்றரை அங்குலமும் அப்படியே இருக்கிறது. அரசியாக நிற்க விரும்பும் எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தரக் காத்திருக்கிறோம்.