கிளாவரையில் ஒரு புகைவண்டிப் பாடம்

பொருள் தேடிக் கடல் கடப்பதைத் தமிழர் என்றும் தவறாக எண்ணியதில்லை. அறிவு தேடி நெடுந்தொலைவு செல்வதையும் நம் முன்னோர் போற்றினர். ஆனால், தாம் பெற்ற அறிவைப் பிறர்க்கு அளிப்பதற்காகவே நெடுந்தொலைவு செல்வது இவ்விரண்டினும் அரிது. ஊதியம் வேண்டாமல், தம் கைப்பொருளைச் செலவிட்டு, கண்டங்களை இருப்புப்பாதை வழியே கடந்து, முன்பின் அறியாத ஊரில் கரும்பலகை முன் நிற்க வருவோர் உலகில் உண்டு. அவர்களைப் பற்றிக் கிளாவரைக் குழந்தைகளுக்குச் சொல்லச் சென்று, அக்குழந்தைகளிடம் நாங்களே ஒரு பாடம் கற்றுத் திரும்பினோம். அதனை இம்மலரில் பதிவுசெய்வது எங்கள் கடமை எனக் கருதுகிறோம்.

2012ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களின் இறுதி வாரம். நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் சிறப்பு முகாமிற்காக ஆசிரியர் இருவரும் மாணவர் குழுவும் புறப்பட்டோம். புகைவண்டி எங்களைக் கொடைக்கானல் ரோடு நிலையத்தில் இறக்கிவிட்டது. பெயரில்தான் கொடைக்கானல் இருக்கிறதே தவிர, அந்நிலையத்திலிருந்து மலைநகருக்கு 80 கிலோமீட்டர். அங்கிருந்தும் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் மேற்கே செல்ல வேண்டும். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என ஊர்கள் ஒவ்வொன்றாகப் பின்னே செல்ல, பேருந்து தன் கடைசி நிறுத்தத்தில் நின்றது. அதுவே கிளாவரை. தமிழ்நாட்டின் எல்லை அங்கே முடிகிறது. மலைச்சரிவின் மறுபுறம் கேரளத்து வட்டவடை. படிப்படியாக வெட்டப்பட்ட வயல்களில் பூண்டும் உருளைக்கிழங்கும் காரட்டும் விளைகின்றன. விடியற்காலையில் அவ்வயல்கள்மீது உறைபனி வெள்ளைத்துணி விரித்தாற்போல் கிடந்தது. சமவெளியில் வளர்ந்த எங்கள் மாணவர்கள் வுளூச் செய்ய நீரைத் தொடவே நடுங்கினர்.

ஊர்ப்பள்ளிக்கு அரையாண்டு விடுமுறை. வகுப்பறை ஒன்றை எங்களுக்குத் திறந்துவிட்டனர். எங்கள் கல்லூரி நூலகத்திலிருந்து சிறுவர் கதைநூல்கள் முப்பது கொண்டு சென்றிருந்தோம். காலையில் வாசிப்பு, மாலையில் கணக்கும் விளையாட்டும் என வகுத்துக்கொண்டோம். மூன்றாம் நாள் ஒரு சிறுமி எழுந்து கேட்டாள்.

"சார், நீங்க ரயில்லயா வந்தீங்க? அது எதுவரைக்கும் போகும்?"

விசாரித்ததில், அவ்வகுப்பில் பெரும்பாலோர் புகைவண்டியைக் கண்டதே இல்லை எனத் தெரிந்தது. வாயிலருகே அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் சிரித்தார். "தம்பி, மேக்கால டாப் ஸ்டேஷன் இருக்கே, அங்க அந்தக் காலத்துல ரயிலு ஓடுச்சுன்னு எங்க தாத்தா சொல்லுவாரு" என்றார்.

அவர் சொன்னது கட்டுக்கதையன்று. தேயிலையைக் கொண்டுவருவதற்காக மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை குண்டளைப் பள்ளத்தாக்கில் 1908 முதல் ஒரு குறும்பாதைப் புகைவண்டி ஓடியது. அங்கிருந்து கம்பிவடத்தின் வழியே தேயிலைப் பெட்டிகள் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூரை அடைந்தன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அப்பாதையை அடித்துச் சென்றது. கொல்லம் ஆண்டு 1099இல் நிகழ்ந்ததால் மலையாளிகள் அதனைத் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்பர். புகைவண்டி போயிற்று, ஸ்டேஷன் என்னும் பெயர் மட்டும் மலையுச்சியில் தங்கிவிட்டது.

சிறுமியின் வினாவுக்கு விடையாக அன்று கரும்பலகையில் ஒரு நெடுங்கோடு வரைந்தோம். வலக்கோடியில் கீழே கிளாவரை. இடக்கோடியில் மேலே இலண்டன். கொடைக்கானல் ரோட்டில் குழந்தைகள் அனைவரையும் ஏற்றிக்கொண்டோம். சென்னை, டில்லி, அமிர்தசரஸ், அட்டாரி. அங்கிருந்து 1976இல் தொடங்கிய சம்ஜோதா விரைவுவண்டியில் லாகூர். போலன் கணவாய் ஏறிக் குவெட்டா. பலூசிஸ்தானத்துப் பாலையைக் கடந்தால் ஈரான் நாட்டு ஜாஹிதான். கெர்மான் பக்கமிருந்து வந்த இருப்புப்பாதை 2009ஆம் ஆண்டில்தான் ஜாஹிதானை எட்டியது. அதுவரை அவ்விடைவெளியைப் பேருந்தில்தான் கடக்க வேண்டும். பின்னர் தெஹ்ரான், தப்ரீஸ். துருக்கியில் வான் ஏரி குறுக்கிடுகிறது. வண்டிப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி அக்கரை சேர்க்கின்றனர் என்றதும் வகுப்பே ஆரவாரித்தது. பிறகு அங்காரா, இஸ்தான்புல், சோபியா, பெல்கிரேடு, வியன்னா, பாரிஸ். இறுதியில், 1994இல் திறக்கப்பட்ட கடலடிச் சுரங்கத்தின் வழியே இலண்டன்.

"ஒரே வண்டியிலயே போயிறலாமா?" என்று நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் கேட்டான். இயலாது என்றோம். நம் அகலப்பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர். ஈரான், துருக்கி வழியே மேற்கே செல்லும் பாதையின் அகலம் 1435 மில்லிமீட்டர். ஜாஹிதானில் இரு பாதைகளும் சந்திக்கின்றன. ஆனால் ஒன்றின் சக்கரம் மற்றொன்றில் ஓடாது. பயணி இறங்கி ஏறித்தான் ஆக வேண்டும்.

இத்தகைய வழிகளில் வந்தோரைப் பற்றியும் கூறினோம். புகைவண்டி தோன்றுவதற்கு ஐந்நூறு ஆண்டுகட்கு முன், 1325இல் மொராக்கோவின் தாஞ்சியரிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா, பெரும்பகுதி தரைவழியே வந்து 1333இல் சிந்து நதியை அடைந்தார். பின்னாளில் நம் மதுரையையும் கண்டார். நம் காலத்தில், 1958இல் இங்கிலாந்தில் தொடங்கிய தன்னார்வ அமைப்பு ஒன்று, பள்ளிப்படிப்பை முடித்த இளைஞரை அயல்நாடுகளுக்குத் தொண்டாற்ற அனுப்பியது. 1961இல் அமெரிக்காவில் தோன்றிய பீஸ் கோர் அமைப்பின் தொண்டர்கள் 1976 வரை இந்தியாவிலும் பணியாற்றினர். அவர்கள் ஓரிடத்தில் தங்க வேண்டிய காலம் இரண்டு ஆண்டுகள்.

இரண்டு ஆண்டுகள் என்று சொன்னபோது எங்களுக்கே நாக்குச் சற்றுத் தயங்கியது. நாங்கள் வந்தது ஏழு நாட்களுக்கு.

ஏழாம் நாள் வந்தது. நூல்களை எண்ணினோம், இருபத்தொன்பதே இருந்தன. ஜாஹிதானைப் பற்றிக் கேட்ட அச்சிறுவன் திண்ணையில் அமர்ந்து, எழுத்துக் கூட்டி, மலையில் காணாமற்போன ஆட்டைத் தேடிச் செல்லும் ஒரு பையனின் கதையைப் படித்துக்கொண்டிருந்தான். பாதிக்கு மேல் படித்துவிட்டான். "நூலகப் புத்தகம், கண்ணு, கணக்குக் காட்ட வேண்டும். அடுத்த ஆண்டு வரும்போது கொண்டுவருகிறோம்" என்று சொல்லி வாங்கிக்கொண்டோம். அவன் மறுப்பேதும் கூறாமல் கொடுத்தான். முப்பது நூல்களும் பழுதின்றி நூலகம் திரும்பின. அதற்காக எங்களைப் பாராட்டவும் செய்தனர்.

அடுத்த ஆண்டு நாங்கள் செல்லவில்லை. முகாமுக்கு வேறோர் ஊர் அமைந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 2014 டிசம்பரில், மீண்டும் கிளாவரைக்குப் போனோம். பேருந்திலிருந்து இறங்கியபோது, காரட் மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தோரிடையே நின்ற ஒரு சிறுவன் எங்களை நோக்கி ஓடிவந்தான். வளர்ந்திருந்தான். வணக்கம் சொன்னான். பிறகு கேட்டான்:

"சார், அந்தப் பையனுக்கு ஆடு கெடச்சுதா?"

எங்களுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபின் விடை தெரியவில்லை. அந்நூலை நாங்கள் படித்திருக்கவே இல்லை. இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர் இருவர் அவ்விடத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நின்றோம். இரண்டு ஆண்டுகள் அவன் அக்கதையின் நடுவிலேயே நின்றிருந்தான். நாங்களோ எண்ணிக்கை சரியாக இருந்தது என்னும் மனநிறைவோடு இருந்தோம்.

முகாமிலிருந்து திரும்பியதும் நூலகத்தில் அந்நூலைத் தேடி எடுத்தோம். இரண்டு ஆண்டுகளில் ஒருவரும் அதனை எடுத்துச் சென்றிருக்கவில்லை. இந்த முறை முதலில் நாங்கள் படித்தோம். ஆடு கிடைத்துவிடுகிறது. மறுவாரமே எங்களுள் ஒருவர் அந்நூலுடன் மலையேறினார். பேருந்து திரும்பிப் புறப்படுவதற்குள், சாலையோரத்தில் நின்றபடியே அவன் மீதிப் பக்கங்களைப் படித்து முடித்தான். முடித்ததும் மீண்டும் முதல் பக்கத்தைத் திறந்தான். அந்நூலை அவனிடமே விட்டு வந்தோம். பதிவேட்டில் 'தொலைந்தது' என எழுதி, அதற்குரிய விலையை நாங்கள் கட்டினோம். அதன்பின் அவ்வூருக்குச் சென்றபோதெல்லாம், திருப்பிக் கேட்கத் தேவையில்லாத நூல்களையே எங்கள் கைப்பொருளில் வாங்கிச் சென்றோம்.

பத்ருப் போரில் சிறைப்பட்டோருள் எழுதத் தெரிந்தவர்க்கு, நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விதித்த மீட்புத்தொகையை நாம் அனைவரும் அறிவோம். பத்துச் சிறுவர்க்கு எழுதக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதுவே விடுதலைக்கு விலை. இச்செய்தியை மேடைகளில் பலமுறை எடுத்துரைத்திருக்கிறோம். ஆயினும் அதிலுள்ள ஒரு நுட்பம் கிளாவரைக்குப் பிறகே எங்களுக்குப் புலப்பட்டது. இத்தனை நாள் கற்பிக்க வேண்டும் என்பது அங்கே கணக்கன்று. குழந்தைகள் கற்று முடித்தார்களா என்பதே கணக்கு. கற்பித்தவன் எத்தனை தொலைவிலிருந்து வந்தான் என்பதும் அங்கே கேட்கப்படவில்லை.

அன்று நாங்கள் கரும்பலகையில் வரைந்த கோடு இன்று அவ்வாறு இல்லை. 2013இல் பாஸ்பரஸ் நீரிணைக்கு அடியில் சுரங்கப்பாதை திறக்கப்பட்டு, ஆசியாவும் ஐரோப்பாவும் அங்கே இருப்புப்பாதையால் இணைந்தன. ஆனால், 2019 ஆகஸ்டில் சம்ஜோதா விரைவுவண்டி நிறுத்தப்பட்டு, அட்டாரியிலேயே அக்கோடு அறுந்தது. அரசுகள் பாதைகளைத் திறக்கும், மூடும். அது நம் கையில் இல்லை. கொடைக்கானல் ரோட்டிலிருந்து கிளாவரைக்குச் செல்லும் 120 கிலோமீட்டரை எந்த அரசும் நமக்கு மூடவில்லை. அவ்வழியே ஒருமுறை போய்விட்டு, மறுமுறை போகாமல் இருந்தவர்கள் நாங்களே.

மாணவச் செல்வங்களே! கண்டம் கடந்து கற்பிக்கச் செல்லும் வாய்ப்பு உங்களுள் சிலர்க்கு வாய்க்கலாம். வாய்த்தால் மகிழ்வோடு செல்லுங்கள். வாய்க்காதவர்க்கும் உங்கள் ஊர்ப் பேருந்து செல்லும் கடைசி நிறுத்தம் ஒன்று இருக்கும். அங்கே ஒரு குழந்தை ஏதேனும் ஒரு கதையின் பாதியில் நின்றுகொண்டிருக்கும். போகும்போது எத்தனை நூல்கள் கொண்டு செல்கிறீர்கள் என்பதைவிட, மீண்டும் எப்போது போவீர்கள் என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ளுங்கள். அத்தகைய உறுதியை உங்களுக்கும் எங்களுக்கும் வல்ல இறைவன் அருள்வானாக!