கேட்கத் தெரிந்தவர்கள்

பழைய பிரிட்டிஷ் துப்பறியும் தொடர்களில் எதை முதலில் பார்க்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பேசுகிறவரை விட்டுவிட்டு, கேட்டுக்கொண்டிருப்பவர் முகத்தைப் பாருங்கள். கொலையாளி யாரென்று எப்படியும் தெரிந்துவிடும். இந்தத் தொடர்களின் உயிர் அந்த முகத்தில் இருக்கிறது.

கிரனடா நிறுவனம் 1984-இல் தொடங்கிய ஷெர்லாக் ஹோம்ஸிலிருந்து ஆரம்பிக்கலாம். ஜெரமி பிரெட் நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி, விரல் நுனிகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, வந்தவரின் கதையைக் கேட்பார். தூங்கிவிட்டாரோ என்று நினைக்கும்போது ஏதோ ஒரு சொல்லுக்குக் கண் சட்டென்று திறக்கும். பழைய படங்கள் கோமாளியாக்கி வைத்திருந்த வாட்சனுக்கு மரியாதையைத் திருப்பித் தந்ததும் இந்தத் தொடர்தான். 1994 வரை ஓடியது. முதல் சில ஆண்டுகளே போதும். பிந்தியவற்றில் பிரெட்டின் நோய் முகத்திலேயே தெரிகிறது. பார்க்க மனசு தாங்காது.

அதே 1984-இல் பிபிசி மிஸ் மார்ப்பிளைக் கொண்டுவந்தது. ஜோன் ஹிக்சனுக்கு அப்போது 78 வயது. கையில் பின்னலோடு ஓரமாக உட்கார்ந்திருக்கும் இந்தப் பாட்டியை யாரும் பொருட்படுத்துவதில்லை. அதனால் அவர் எதிரிலேயே எல்லாம் பேசிவிடுகிறார்கள். வேறு நடிகைகளும் மார்ப்பிளாக நடித்திருக்கிறார்கள். எனக்கு ஹிக்சன்தான் மார்ப்பிள்.

‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’ 1987 முதல் 2000 வரை வந்த 33 கதைகள். விளம்பரங்களோடு சேர்த்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினார்கள். அந்த நிதானம் அதன் பெரிய சொத்து. ஆக்ஸ்ஃபோர்டு, சிவப்பு ஜாகுவார், பீர், ஆப்ரா, குறுக்கெழுத்துப் புதிர், பிணத்தைப் பார்த்தால் முகம் திருப்பிக்கொள்ளும் ஒரு போலீஸ்காரர். ஜான் தா அவரை வெடுவெடுப்பாகவே நடிக்கிறார், அன்பை ஒளித்துவைத்துக்கொண்டு. உதவியாளர் லூயிஸ் வீட்டு விஷயம் எதையோ போகிறபோக்கில் சொல்வார். மோர்ஸ் நடந்துகொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிடுவார். முடிச்சு அங்கே அவிழும். தவறான ஆளைப் பிடிப்பதும் மோர்ஸுக்குச் சகஜம். முதல் கதையான ‘தி டெட் ஆஃப் ஜெரிக்கோ’வுக்குத் திரைக்கதை எழுதியவர், பிறகு ‘தி இங்கிலிஷ் பேஷன்ட்’ எடுத்த ஆந்தனி மிங்கெல்லா.

யாருமே காது கொடுக்காத ஒருத்தியைப் பார்க்க வேண்டுமென்றால் 1991-இல் வந்த ‘பிரைம் சஸ்பெக்ட்’. ஹெலன் மிரனின் ஜேன் டெனிசனுக்கு வழக்கு கிடைப்பதே, அதை நடத்திய ஆண் அதிகாரி மாரடைப்பில் இறந்ததால்தான். செத்தவள் யாரென்பதே தவறாகப் பதிவாகியிருப்பதை அவள்தான் கண்டுபிடிக்கிறாள். சுற்றி நிற்கும் ஆண்களுக்கு அதுவும் எரிச்சல்.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது, 1979-இல் பிபிசி ஏழு பகுதிகளாக ஒளிபரப்பிய ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’. ஜான் லெ காரேயின் நாவல். உளவுத்துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவன் சோவியத் கையாள். ஓய்வுக்கு அனுப்பப்பட்ட ஜார்ஜ் ஸ்மைலி அவனைக் கண்டுபிடிக்க வேண்டும். தொடக்கக் காட்சியில் நான்கு பேர் ஒவ்வொருவராக ஓர் அறைக்குள் வந்து உட்கார்கிறார்கள். அநேகமாக வசனமே இல்லை. ஒருவர் தேநீர்க் கோப்பையின்மேல் தட்டைக் கவிழ்த்துக் கொண்டுவருகிறார். அவர்கள் நடப்பதிலும் உட்காருவதிலுமே நாலு பேரின் குணமும் தெரிந்துவிடுகிறது.

ஸ்மைலியாக அலெக் கின்னஸ். ஒரு பகுதியில் அவர் கானி சாக்ஸைத் தேடிப் போகிறார். ரஷ்ய ஆட்களைப் பற்றிய தகவலையெல்லாம் தலையில் வைத்திருந்தவள்; உண்மையைச் சொன்னதற்காக வேலையை இழந்து, குடியும் நோயுமாக ஆக்ஸ்ஃபோர்டில் கிடக்கிறாள். பெரில் ரீட் சிரிக்கிறார், கொஞ்சுகிறார், உடைகிறார். கின்னஸ் அவசரப்படுத்துவதே இல்லை. அவர் முகத்தில் பரிவும் இருக்கிறது. தனக்கு வேண்டியதை வாங்காமல் எழுந்திருக்கப் போவதில்லை என்ற உறுதியும் இருக்கிறது. இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு இப்படி உட்கார்ந்திருக்கும் நடிகரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

முதல் இரண்டு பகுதிகள் குழப்பும். பெயர்கள் பிடிபடாது. சப்டைட்டிலோடு பாருங்கள்; புரியாவிட்டாலும் மேலே போங்கள், மூன்றாவதில் எல்லாம் கூடிவரும். 2011-இல் வந்த திரைப்படம் நல்ல படம்தான், ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் கானிக்கு அதிக இடம் கொடுக்க அதனால் முடியவில்லை. தொடரை முடித்தவர்களுக்கு 1982-இல் வந்த ‘ஸ்மைலிஸ் பீப்பிள்’ இருக்கிறது. அதிலும் கின்னஸ், அதிலும் கானி. வரிசையை மாற்றிப் பார்த்துவிடாதீர்கள்.